ஜவ்வரிசி ஆலைக் கழிவு நீர்

சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவு நீரை ஓடையில் விட்டால் புளித்து நாறும்; கிணறு கெடும், பயிர் கெடும், கூலி வேலையும் போகும். கேட்டால், “ஆலையை மூடிவிடட்டுமா?” என்று தொழிலாளியை மிரட்டுவது முதலாளிமார் வழக்கம். வெறும் பூச்சாண்டி!

அந்த நீரில் கிடப்பது மாவுச்சத்து, தோழர்களே. காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால் கிருமிகள் அதைத் தின்று எரிவாயு தரும். சாண எரிவாயுக் குழியில் நடப்பதும் இதுதான். ஆலைக்கு எரிபொருள் செலவு மிச்சம். ஆனால், மிஞ்சும் நீரை இரண்டாவது தொட்டியில் காற்றூட்டி, வேறு கிருமிகளால் சுத்தம் செய்தாக வேண்டும். இதில் காசு வராது, மின்சாரம்தான் செலவாகும். முதலாளி நழுவப் பார்ப்பது இங்கேதான்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. சிறு ஆலைகளுக்குச் சர்க்கார் கடன் கொடுக்கட்டும். இரண்டாவது தொட்டி ஓடுகிறதா என்று சோதிக்கும் உரிமையை ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து கேட்க வேண்டும்.