யாருமற்ற நிலம் என்றொரு பொய்

சமீப காலமாகத் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளில் ஒரு வகை எனக்கு எரிச்சலூட்டுகிறது. யாருமற்ற பெருவெளி, அதன் நடுவில் எழுத்தாளர், அங்கே அவர் தன்னைக் கண்டடைகிறார். அந்த வெளியில் வசிப்பவர்களின் பெயர் கட்டுரை முடியும்வரை வராது. நிலம் அவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பொறியாளர்கள், அடுத்த ஜூனில் ஆஸ்திரேலிய அவுட்பேக்கில் கேரவன் இழுத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றப்போகிறோம். அடிலெய்டில் தொடங்கி, கூபர் பீடி, உளுரு, அங்கிருந்து கிரேட் சென்ட்ரல் ரோட்டில் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர், பிறகு பெர்த். எக்செல்லில் எல்லாமே இருக்கிறது. டீசல், தண்ணீர், ஸ்பேர் டயர், எந்த நாள் யார் சமையல் என்பதுவரை. சண்டை பெர்மிட்டில் வந்தது. அந்தச் சாலை பூர்வகுடிகளின் நிலத்தின் வழியாகப் போகிறது. கடந்து செல்ல முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

“ஆளே இல்லாத பாலைவனத்துக்கு எதுக்குடா பெர்மிட்? எவன் வந்து செக் பண்ணப்போறான்?” என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். பெர்மிட் இல்லாமல் போவதென்றால் வண்டி ஓட்ட வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். (டிரெய்லர் இழுத்துப் பழகியவன் எங்களில் நான் ஒருவன்தான். இப்போதைக்கு அது வேலை செய்கிறது.)

‘ஆளே இல்லாத’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1786இல் பினாங்கில் இறங்கிய பிரான்சிஸ் லைட், பீரங்கியில் வெள்ளிக்காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடி ஆட்கள் காட்டை வெட்டினார்கள் என்ற கதையைக் கேட்காமல் இந்தத் தீவில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. வேடிக்கையான கதைதான். ஆனால் லைட் வருவதற்கு முன்பே பத்து உபானில் மலாய்க் குடியிருப்பு இருந்தது என்பது அந்தக் கதையில் எங்கே வருகிறது?

அவருடைய மகன் வில்லியம் லைட்தான் அடிலெய்டை அளந்து, தெருக்களை வரைந்தவர். கோர்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் அப்பா சிலையின் முகம்கூட மகனுடைய சாயலில் செய்தது என்பார்கள். தென் ஆஸ்திரேலியாவை அமைக்க 1834இல் லண்டனில் போட்ட சட்டம் அந்த நிலத்தைப் பாழ் நிலம், குடியில்லாத நிலம் என்று எழுதியது. அடிலெய்டு சமவெளியில் கௌர்னா மக்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். 1973இலிருந்து ஜோர்ஜ் டவுனும் அடிலெய்டும் சகோதர நகரங்கள். எங்கள் கேரவன் புறப்படப்போவது அங்கிருந்துதான்.

காலி என்று எழுதிவிட்டால் பிறகு எதையும் செய்யலாம். 1956, 57இல் அதே மாநிலத்தின் மராலிங்காவில் பிரிட்டன் ஏழு அணுகுண்டுகளை வெடித்தது. அங்கே வாழ்ந்தவர்களைத் தெற்கே யலாட்டாவுக்கு நகர்த்திவிட்டார்கள்.

“அது வெள்ளைக்காரன் செஞ்சது, நமக்கென்ன?” என்று கேட்பீர்கள். நமக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘காட்டை அழித்து நாடாக்கியவர்கள் நாம்.’ மேடைக்கு மேடை ஒலிக்கும், தோட்டப்புறக் கதைகளில் பாதி அதன்மேல் நிற்கும். என் பாட்டி செபராங் பிறையில் பால்மரம் வெட்டியவர். அந்த வியர்வையை நான் குறைத்துப் பேசவில்லை. கேட்பது ஒன்றுதான்: அந்தக் காட்டில் யார் இருந்தார்கள்?

தோட்டம் கைமாறும்போது நமக்கு நடந்ததும் இதுதானே. மூன்று தலைமுறை குடியிருந்த லயமும் மாரியம்மன் கோயிலும் புதிய முதலாளியின் வரைபடத்தில் இருக்காது. அப்போது மட்டும் ‘இது காலி நிலமல்ல’ என்று கத்துகிறோம். நியாயமான கத்தல். அதே நியாயம் ஒராங் அஸ்லிக்குக் கிடையாதா?

ஜொகூரில் லிங்கியு அணைக்காக நிலம் இழந்த ஜக்கூன் மக்கள் வழக்குப் போட்டார்கள். அடோங் பின் குவாவ் வழக்கு. உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது, ஆளில்லா நிலம் என்ற வாதத்தை 1992இல் உடைத்த ஆஸ்திரேலியாவின் மாபோ தீர்ப்பை எடுத்தாண்டது. கடல் தாண்டி இங்கே வந்த அந்தத் தீர்ப்பு நம் இலக்கியத்துக்குள் இன்னும் வரவில்லை. ஒராங் அஸ்லி ஒருவர் மந்திரவாதியாகவோ வழிகாட்டியாகவோ இல்லாமல், பெயரும் கோபமும் உள்ள மனிதராக வரும் மலேசியத் தமிழ்க் கதைகளை, நான் படித்த அளவில், ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இல்லை, நிறைய இருக்கிறது என்பவர்கள் பட்டியல் தரட்டும். ஜூனுக்குள் தந்தால் கேரவனில் வைத்துப் படிப்பேன்.