மண்ணின் உறுதியை அளக்கும் முறைகள்
2001 ஜனவரி 26-இல் நிகழ்ந்த குஜராத் பூகம்பத்தில், மையத்திற்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்திலும் மாடிக் கட்டடங்கள் பல வீழ்ந்தன. கட்டடக் குறைகளோடு, ஆழ்ந்த வண்டல் மண் அதிர்ச்சியைப் பெருக்கியதும் இதற்குக் காரணமாகும். ஆதலின், மேல் 30 மீட்டர் மண்ணில் குறுக்கலையின் வேகத்தை அறிதல் இன்றியமையாதது.

துளையிட்டு அளத்தல் ஒவ்வோர் அடுக்கையும் தெளிவாகக் காட்டும்; செலவோ மிகுதி. தரையைச் சம்மட்டியால் அடித்து மேற்பரப்பலைகளைப் பதியும் முறை மலிவானது. ஆயினும், ஒரே பதிவுக்கு வெவ்வேறு மண்ணடுக்கு அமைப்புகள் பொருந்தக்கூடும். மண்ணில் குழாய் இறங்க வேண்டிய அடிகளை எண்ணி வேகத்தைக் கணித்தல் வெறும் மதிப்பீடே.

நகரெங்கும் மேற்பரப்பு முறையைக் கையாண்டு, சில இடங்களில் துளையிட்டு ஒப்பிடுதலே தக்கது. பல நாடுகள் வகை எல்லையாகக் கொள்ளும் விநாடிக்கு 360 மீட்டரையொட்டி வேகம் அமையுமிடத்தில், சிறு பிழையும் நிலத்தின் வகையை மாற்றிவிடும். பள்ளியும் மருத்துவமனையும் அவ்வகையை நம்பியே எழுப்பப்படுகின்றன.