வனவிலங்குக் கதைகளும் வாய்மையும்

வடதேசப் பிரயாணம் முடித்து மீண்ட நண்பரொருவர், முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலமர்ந்து, இமயமலையடிவாரக் காட்டில் தாம் கண்ட புலியைப்பற்றிக் கதை கூறினார். முதல் நாள் அப்புலி நூறடி தூரத்தில் நின்றது; மூன்றாம் நாள் பத்தடிக்கு வந்தது; வாரமுடிவில் அவர்மேற் பாயவும் எத்தனித்தது! கேட்டோர் யாவரும் மகிழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். எனினும், இம்மிகைக்கூற்றால் யாருக்கு என்ன தீங்கு என வினவுவார்க்கு மறுமொழி கூற விழைகின்றேன்.

இத்தகைய கதைகளுக்குப் பேர்போனது வடக்கிலுள்ள குமாவூன் மலைநாடு. நைனிதாலிற் பிறந்த ஜிம் கார்பெட் துரை, 1935-ஆம் ஆண்டில் தம் கானகக் கதைகளைச் சுமார் நூறு பிரதிகளே அச்சிட்டு நண்பர்க்கு வழங்கினார். பின்னர் 1944-ல் வெளிவந்த அவருடைய ஆட்கொல்லிப் புலிகளைப்பற்றிய நூல் உலகெங்கும் பரவிற்று.

சம்பாவத் பெண்புலி 436 மாந்தரைக் கொன்றதென்பர். 1907-ல் அதனைச் சுட்டு வீழ்த்தியவர் கார்பெட். கதையை அவ்வளவில் முடித்திருப்பின், கேட்போர் நெஞ்சில் அச்சமும் வெறுப்புமே எஞ்சியிருக்கும். அவரோ, அதன் வலப்புறத்து மேற்கோரைப்பல்லும் கீழ்க்கோரைப்பல்லும் முறிந்திருந்தமையையும் எழுதினார். பழைய துப்பாக்கிக் காயத்தால் நேர்ந்த அவ்வூனமே, இயல்பான இரையைக் கொல்லவொட்டாமல் அதனை மனிதரிடம் திருப்பியது என்பது அவர் கருத்து. முதற்குற்றம் மனிதனுடையதென அறிந்தபின், கதையின் பொருளே மாறிவிடுகின்றதன்றோ?

வேட்டையாலும் காடழிவாலும் 1972-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியப் புலிகள் 1,827 என்னுமளவிற்குக் குறைந்தன. அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1973-ல் புலிகள் காப்புத் திட்டம் கார்பெட் பெயர்தாங்கிய வனத்திலேயே தொடங்கிற்று. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தொகை 3,682 ஆக உயர்ந்தது. சட்டம் காட்டைக் காக்கலாம். அச்சட்டத்தை விரும்பும் மனத்தை உண்டாக்குவன நாம் ஒருவர்க்கொருவர் கூறும் கதைகளேயாம்.

காட்டோரத்தில் வாழும் ஏழைகளின் துன்பம் மெய்யானது. அதனை மறைத்தலும் பொய்யே. ஆயினும், கடற்கரையூரில் அச்சமின்றி வாழும் நாம் சுவைக்காகப் புலியைக் கொடியதாக்குதல் தகாது. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறலாகாதென நம் கல்லூரியிற் பயின்றோம். வாயற்ற ஜீவனுக்கு விரோதமாக அதனைக் கூறலாமோ?

ஆதலின், மாணவ நண்பர்காள், விடுமுறையில் முதுமலைக்கோ குமாவூனுக்கோ செல்வீராயின், கதைகளோடு திரும்பி வம்மின். அவற்றை மகிழ்ந்து கேட்போம். ஆனால் நூறடியை நூறடியென்றே கூறுமின். யார் எல்லைக்குள் யார் புகுந்தனர் என்பதையும் உடன் கூறுமின்.