ஏணிகள், படிகள்

எம்ப்ஸன் 1930இல் பொருள்மயக்கத்தில் ஏழு வகை கண்டார். அன்றிலிருந்து ஆங்கிலச் சொல் இரு பொருளில் நின்றால் அது ஆழம். தமிழ்ச் சொல் நின்றால் சிலேடை, பழம்புலவர் வித்தை. நம் விமர்சகர்களின் இந்த ஓரவஞ்சனை அலுத்துவிட்டது.

ஏணிப்படிக்கு ஆங்கிலத்தில் 'ரங்'. மணி அடிக்கப்பட்டாலும் 'ரங்'. வேர்கள் வேறு, வெறும் ஒலி விபத்து. இதற்கு என்ன கைதட்டல்? 'ஸ்டெப்' அப்படியல்ல. காலடி, படி, நடவடிக்கை எல்லாம் ஒரே அசைவில் கிளைத்தவை. என் பி.ஏ. 'டிகிரி'க்குள் ஒரு லத்தீன் படி இருக்கிறது. வங்கியில் என் சம்பள 'ஸ்கேலு'க்குள் லத்தீன் ஏணியே இருக்கிறது. மேலே பஞ்சப்படி வேறு. வருஷாவருஷம் ஏறுகிறேன், உட்கார்ந்திருப்பது அதே கவுண்டரில்.

இங்கே மண்ணரையைச் சுற்றி வீதிக்கு வீதி பனியன் வேலை. பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போனால் துணியில் நெடுக ஓடும் பழுதை ஆங்கிலம் 'லேடர்' என்கிறது. யாரும் ஏற முடியாத ஏணி. வேலை பார்த்த கண் கண்ட உவமை அது, அகராதி கொடுத்ததல்ல.

பொருள்களை எண்ணுவது கணக்குப்பிள்ளை வேலை. அவற்றை வாழ்க்கை முடிச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதே விமர்சனம். 'படி'யில் வாசிப்பும் நகலும் அளவையும் அலவன்ஸும் இருக்கின்றன. நகல் எடுப்பவர்கள் ஒருமுறை படிக்கவும் செய்யலாம்.