டை மேக்கர் என்றால் வெறும் லேத்துக்காரரா?

"பையனுக்குப் படிப்பு ஏறலையா? ஐ.டி.ஐ.யில் தள்ளிவிடு." இந்த வசனம் கேட்காத வீடு நம்மூரில் உண்டா? மெக்கானிக்கல் படிக்கும் நானே கேட்கிறேன்: ஒரு மி.மீ. தகட்டில் துளை அடிக்க ஒரு டை செய்யச் சொன்னால் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் செய்வோம்?

சாதாரண இரும்புத் தகடு என்றால் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்குச் சுமார் 0.05 மி.மீ. இடைவெளி வேண்டும். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. குறைந்தால் பஞ்ச் சீக்கிரம் தேயும், கூடினால் பிசிறு தள்ளும். இதுவரை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் டி2 ஸ்டீலை ஹார்டனிங் செய்தால் அளவு கொஞ்சம் நகரும். கிரைண்டிங்குக்கு எவ்வளவு விட்டு வைப்பது? அது கை பழகியவருக்குத்தான் தெரியும்.

"அதான் சி.என்.சி., வயர்கட் எல்லாம் வந்துடுச்சே" என்கிறார்கள். வயர்கட் சொன்ன கோட்டில் வெட்டும், அவ்வளவுதான்! முதல் தகட்டில் ஒரு பக்கம் மட்டும் பிசிறு வந்தால், பஞ்ச் சாய்ந்திருக்கிறதா, பிரஸ்ஸில் ஆட்டமா என்று அது சொல்லுமா?

1959-ல் தலசேரிப் பக்கம் நெட்டூரில் சுவிஸ் உதவியோடு என்.டி.டி.எஃப். தொடங்கியதே இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கத்தான். (நம் ஆட்களுக்கு அந்தப் பெயராவது தெரியுமா?)

"ஆள் கிடைக்கலை" என்று புலம்பும் முதலாளிகளே, டிராயிங்கில் கையெழுத்து விழுந்த பிறகுதான் அது அவர் மேஜைக்கு வருகிறது. டை உடைந்தால் மட்டும் பழி அவருக்கு. டிசைன் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். சம்பளப் பேச்சையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.