கத்திக்கு ஏற்ற பிடி

அடுக்களைக் கருவிகளுள் நாள்தோறும் மிகுதியாகக் கைபடுவது கத்தி. அதன் அலகு கூராக உள்ளதா எனப் பார்ப்பவர் பலர். பிடி உறுதியாக உள்ளதா எனப் பார்ப்பவர் சிலரே. ஆட்டங்கண்ட பிடியிற் சீலையைச் சுற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்காக வேலை செய்யும் தாய்மாரை நாம் பல வீடுகளிற் காண்கிறோம். மீன் வெட்டும்போது ஈரமும் வழுவழுப்பும் பட்ட கை அலகை நோக்கி வழுகுமாயின், விரலைக் காப்பது பிடியின் வடிவமேயன்றிப் பிறிதொன்றன்று. பிடி உடைந்ததென்று நல்ல உருக்கு அலகை எறிந்துவிடுவோரும் உளர். சிறிதளவு பொறுமையுடையார்க்கு இவ்விரண்டும் வேண்டியதில்லை.

முதலில் மரத்தைப் பார்ப்போம். பிடிக்கு வேண்டியது வைரம் பாய்ந்த பகுதி. மரத்தின் வெளிப்புறத்து வெளிறு மென்மையானது. எளிதிற் புழு அரிக்கும். தண்டின் நட்டநடுவிலுள்ள சோற்றியும் ஆகாது. அதைச் சுற்றியே வெடிப்புத் தொடங்கும். இழைகள் பிடியின் நீளவாக்கில் நேராக ஓடவேண்டும். குறுக்கே சாய்ந்து ஓடினால், அழுத்தும்போது அவ்வழியே பிளக்கும்.

அடுத்தது உலர்வு. மரத்துக்கு மரம் வேறுபடினும், பச்சை மரம் முற்றும் உலரும்போது இழைக்குக் குறுக்கே நூற்றுக்கு 4 முதல் 10 பங்குவரை சுருங்கும். நீளவாக்கிலோ ஒரு பங்குகூடச் சுருங்குவதில்லை. பச்சைக் கட்டையில் இட்ட பிடி சில மாதங்களில் ஆடுவதும் வெடிப்பதும் இதனாலேயே. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு நிழலில் உலரவேண்டும் என்பது தச்சரின் பொதுக் கணக்கு. உலரவைக்கும்போது கட்டையின் இருமுனைகளிலும் மெழுகு பூசினால் வெடிப்புக் குறையும். காத்திருக்க இயலாதோர் பழைய கதவுநிலைத் துண்டொன்றைத் தேடிக்கொள்ளலாம். வர்ணம் பூசிய துண்டை மட்டும் விலக்குக. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் உண்டு.

இதற்கெனக் காட்டு மரம் தேடவேண்டா. வளவிலுள்ள புளியின் வைரம் கருமையும் கடினமும் உடையது. கொய்யா, நெருங்கிய இழையுடையதாதலின், கருவிப் பிடிகளுக்குப் பெயர்பெற்றது. வேலியோரத்துப் பூவரசும் தக்கதே. ஹவாய்த் தீவினர் இதே மரத்தில் உணவுக் கிண்ணங்கள் கடைந்தனர். உணவின் சுவையை அது கெடுக்காமையே காரணம். முதிரை அழகிய மரமாயினும், அதன் தூள் சிலருடைய தோலிற் கடியை உண்டாக்கும். அலரியும் தில்லையும் நஞ்சுடையன. அவை அடுக்களைக்கு ஆகா.

பனை ஏன் ஆகாது என மாணவர் வினவலாம். வைரம் வெளிப்புறத்தே உள்ளவற்றைப் புல் என்றும், உட்புறத்தே உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்துரைக்கின்றது. அவ்வகையிற் பனை புல்லினத்தது. அதன் கரிய நார்கள் வலியனவாயினும், அவற்றுக்கிடையே உள்ள பகுதி மென்மையானது. நாளடைவில் அது தேய, நார்கள் சிலாம்பாக எழுந்து கையைக் குத்தும்.

இனி வடிவம். உருண்டைப் பிடி கையினுள் உருளும்; முட்டைபோன்ற நீள்வட்டமே நன்று. கண்ணாற் பாராமலே அலகு எப்பக்கம் நோக்குகிறது என்பதைக் கை அதனால் உணரும். நடுவிற் சற்றுப் பருத்து, அலகின் அருகே விரல் முன்னே செல்லாதபடி சிறு தடையும், கடைசியிற் கீழ்நோக்கிய வளைவும் இருத்தல் வேண்டும். நீளம் உள்ளங்கையின் அகலத்திலும் ஒரு விரல் மிகுதியாக இருப்பின் போதும். அரத்தாற் செதுக்கி, அரத்தாளால் தேய்த்து, ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, எழும் நுண்ணிழைகளை மறுபடி தேய்த்துவிடுக.

அலகின் வாலைப் பிடியிற் பொருத்துமுன் வாயிற் பூண் இடுதல் முறை. இல்லையேல் மரம் பிளக்கும். துளையில் அரக்குத்தூளும் செங்கல்மாவும் இட்டு, வாலை மட்டும் சூடாக்கிச் செருகினால், அரக்கு உருகி ஆறியபின் இறுகப் பிடிக்கும். அலகில் ஈரச் சீலை சுற்றியிருக்கவேண்டும். சூடேறினால் உருக்கின் பதம் கெடும். இவ்வேலையைப் பிள்ளைகள் பெரியோர் துணையின்றிச் செய்தலாகாது. அரக்கு வெப்பத்தில் இளகுமாதலின், அக்கத்தியைக் கொதிநீரில் இடுதலும் தவறு.

மேற்பூச்சுக்குத் தேங்காயெண்ணெய் ஏற்றதன்று, அது இறுகுவதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். வர்ணக் கடைகளில் காய்ச்சியது என விற்பதில் உலோகச் சேர்க்கைகள் இருப்பதால், கலப்பற்றதையே கேட்டு வாங்குக. மெல்லியதாகப் பூசி, நன்கு உலரவிட்டு, மறுபடி பூசவேண்டும். எண்ணெய் தோய்ந்த துணி தானே தீப்பற்றக்கூடும். சுருட்டி வையாது விரித்து உலர்த்துக.

எல்லாவற்றிலும் முதன்மையான அளவு ஒன்றுண்டு. கடைக்கத்தி எந்தக் கைக்கென்று செய்யப்பட்டதோ நாம் அறியோம்; வீட்டுக் கத்தியைப் பிடிக்கும் கையையோ நாம் அறிவோம். ஆகவே மாணவர், கட்டையைச் செதுக்குமுன் தம் தாயிடம் அதைக் கொடுத்துப் பிடிக்கச்செய்து, அவர் விரல் படியும் இடங்களைக் குறித்துக்கொள்க. அவர் கை சிறிதாயின் பிடியும் சிறிதாகுக. மூட்டுவலியால் விரல் மடங்காதாயின் சற்றுப் பருத்திருக்கட்டும். இன்று மாலையே அடுக்களைக் கத்தியை எடுத்து, அதன் பிடி ஆடுகிறதா என அசைத்துப் பாருங்கள்.