காணாத பொருளுக்குக் கட்டிய பணம்

நம் வீட்டுப் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து ஆடும் ஆட்டங்களுள், பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம் என்று ஒரு வகை உண்டு. ஆடுபவரே கதையின் நாயகர். எவருக்குத் துணை நிற்பது, எவரைப் பகைப்பது, எதைச் சொல்லி எதை மறைப்பது என்பனவெல்லாம் அவர் முடிவு. அதற்கேற்பக் கதையும் திரும்பும். நாவல் படிப்பவர் ஆசிரியர் சென்ற வழியே செல்ல வேண்டும். இங்கோ வழி பிரியும் இடத்தில் வாசகரே நிறுத்தப்படுகிறார். ஆகவேதான் இத்தகைய ஆட்டமொன்று வருகிறது என்றவுடன், தமக்கென்றே ஒரு வாழ்வு அதற்குள் காத்திருப்பதாக இரசிகர்கள் எண்ணத் தலைப்படுகின்றனர்.

போலந்து நாட்டுச் சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனத்தாரின் 'சைபர்பங்க் 2077' இதற்கு நல்ல சான்று. 1988-இல் அமெரிக்கரான மைக் பாண்ட்ஸ்மித் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவதற்காக வகுத்த ஆட்டத்தைத் தழுவி, நைட் சிட்டி எனும் கற்பனை நகரில் நிகழ்வதாக இது அமைக்கப்பட்டது. 2012-இல் அறிவிப்பு வந்தது. 2013-இல் சிறு முன்னோட்டம் வந்தது. பின் ஐந்தாண்டுகள் ஏறத்தாழ மௌனம். 2019 ஜூனில் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையேறி, 2020 ஏப்ரல் 16 என்று நாள் குறித்தபோது எழுந்த ஆரவாரத்தை விவரிக்க வேண்டியதில்லை.

இரசிகர்களின் நம்பிக்கை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. இதே நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' சொன்னதற்கு மேலாகவே கொடுத்திருந்தது. பின்னர் 16 சிறு இணைப்புகளையும் விலையின்றி வழங்கிற்று. வாங்கியவர் மனம் நிறைந்து திரும்பிய கடைக்கு மறுமுறையும் போவது மனித இயல்புதானே!

ஆயினும் ஐயங்களும் உடன் வளர்ந்தன. ஏப்ரல் செப்டம்பராயிற்று, செப்டம்பர் நவம்பராயிற்று. அக்டோபர் தொடக்கத்தில் ஆட்டம் முடிந்து தகடு அச்சிட அணியமாகிவிட்டது என்று அறிவித்தவர்களே, அம்மாத இறுதியில் டிசம்பர் 10-க்குத் தள்ளிவைத்தனர். ஒரே வேளையில் 9 வகைப் பதிப்புகளைச் சீர்செய்ய வேண்டியுள்ளது என்பது அவர்கள் கூறிய காரணம். அதைக் கேட்ட சிலர், ஆட்டத்தை ஆக்கிய பணியாளர்களுக்குக் கொலை மிரட்டல் விடுத்தனர். ஓர் ஆட்டம் மூன்று வாரம் தாமதமானதற்குக் கொலை மிரட்டல்! எதிர்பார்ப்பு எப்போது உரிமையாக மாறியது என்பதை அவர்களே அறியார்.

கூர்ந்து நோக்கியவர்களைக் கலங்கவைத்த ஐயம் வேறு. 2013-இல் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கருவிகள் இத்துணைப் பெரிய நகரத்தைத் தாங்குமா? நவம்பரில் காட்டப்பட்ட காட்சிகள், அக்கருவிகளின் வலிமை கூட்டிய பிந்தைய வடிவங்களிலும் புதிய கருவிகளிலும் எடுக்கப்பட்டவை. பெரும்பாலோர் இல்லங்களில் இருந்த சாதாரணக் கருவியில் அது எவ்வாறு ஓடுகிறது என்பது காட்டப்படவில்லை. நிறுவனத் தலைவரோ, பழைய கருவிகளிலும் வியக்கத்தக்க அளவு நன்றாகவே ஓடுவதாக முதலீட்டாளர்களிடம் கூறினார். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்டதும் கணினிப் பதிப்பு மட்டுமே. தாம் ஆடிய காட்சியைத் தம் விமர்சனத்தில் காட்டவும் அவர்களுக்குத் தடை இருந்தது. குவியலின் மேற்புறத்து நெல்லைக் கையிலெடுத்துக் காட்டிவிட்டு, அடியில் கைவிடாதே என்பது போன்ற வணிகம் இது.

டிசம்பர் 7-இல் விமர்சனங்கள் வந்தன. பெரும்பாலானவை புகழ்ந்தன. 10-க்கு 7 மதிப்பெண் அளித்த ஒரு பெண் விமர்சகர் இரசிகர்களின் வசைமாரிக்கு ஆளானார். மற்றொரு பெண்மணி, ஆட்டத்தின் ஒளிச்சிமிட்டல்களால் தமக்கு வலிப்பு வந்ததைச் சொல்லி, அந்நோயுள்ளவர்களை எச்சரித்தார். அவருக்குச் சிலர், வலிப்பைத் தூண்டும் ஒளிப்படக் காட்சிகளையே அனுப்பிவைத்தனர். ஆட்டம் வெளிவர இன்னும் மூன்று நாட்கள் இருந்தன என்பதை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். தாம் கண்ணால் காணாத ஒன்றுக்காக, கண்டு சொன்னவரைத் துன்புறுத்தினர்! இதனை அன்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணத்தை முன்னமே கட்டிவிட்டவனுக்கு ஐயத்தைக் கேட்பதும் கசப்பாகிவிடுகிறது போலும்.

முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் எண்பது இலட்சம் பேர். பத்தாம் நாள் ஆட்டம் வந்தது. வலுமிக்க கணினி உடையோர் பலர் மகிழ்ந்தனர். பழைய கருவி உடையோரின் திரையிலோ உருவங்கள் மங்கின. காட்சி திக்கித் திக்கி நகர்ந்தது. ஆட்டம் பாதியில் நின்றுபோயிற்று. எட்டு நாட்களுக்குள் சோனி நிறுவனம் தன் இணைய அங்காடியிலிருந்து அதனை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மீண்டும் அங்கு விற்பனைக்கு வந்தது 2021 ஜூன் 21-இல். நிறுவனத்தாரும் பழைய கருவிகளில் காட்டாமல் விட்டதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கோரினர்.

அவர்கள் அத்துடன் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்து, 2023 செப்டம்பரில் ஆட்டத்தின் பல பகுதிகளைப் புதுக்கி, 'ஃபேன்டம் லிபர்ட்டி' என்னும் விரிவையும் வெளியிட்டனர். முன்பு தூற்றியோரும் போற்றினர். ஆயினும் அப்புதுக்கமும் விரிவும் கணினிக்கும் புதிய கருவிகளுக்கும் மட்டுமே வந்தன. 2020-இல் பழைய பிளேஸ்டேஷனுக்கென்று வாங்கி, பணத்தைத் திரும்பக் கேளாமல் பொறுத்திருந்தவரின் கருவிக்கு அவை வரவேயில்லை.